சொந்த வீட்டுத் திண்ணையைப் பூட்டிய 16 நாள்: கிராம அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம், 2018

2018 மே 22, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டில் இந்தத் தேதியைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தூத்துக்குடி துப்பாக்கிச்சூடுதான். அடுத்த நாளே மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். டிவியிலும் பத்திரிகையிலும் வேறு எதற்கும் இடமில்லை. அது நியாயம்தான். ஆனால் அதே செவ்வாய்க்கிழமை காலையில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கிராமத்துக் கிளை அஞ்சலகங்கள் திறக்காமல் கிடந்தன. அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 16 நாள் நீடித்தது. உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக வந்து போன இந்தப் போராட்டம், சுதந்திர இந்தியாவின் அஞ்சல் துறைப் போராட்டங்களில் ஒரு வகையில் தனியானது. வேலையை நிறுத்தியவர்கள், துறையின் சொந்த விதிப்படி, அரசு ஊழியர்களே அல்ல.

அது என்ன விநோதம் என்று முதலில் பார்த்துவிடுவோம். இதைப் புரிந்துகொள்ளாமல் போராட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

ஊழியர் அல்லாத ஊழியர்

அப்போது இந்தியாவில் சுமார் 1.55 லட்சம் அஞ்சலகங்கள். அவற்றில் 1.29 லட்சம் கிளை அஞ்சலகங்கள், அதாவது ஆறில் ஐந்து. ஊருக்குள் ஒரு வீட்டின் முன்னறையிலோ திண்ணையை அடைத்துக் கட்டிய அறையிலோ ஒரு சிவப்புப் பலகை தொங்குமே, அதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்துக்குத் தபால் கொண்டுபோக முழுநேர ஆள் போட்டால் கட்டுப்படியாகாது என்று பள்ளிக்கூட வாத்தியாரையும் மளிகைக் கடைக்காரரையும் பிடித்தார்கள். உங்கள் பிழைப்பு உங்களுக்கு இருக்கிறது, கூடவே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு படி தருகிறோம் என்பது ஏற்பாடு. இலாகாவுக்கு வெளியே உள்ளவர் என்ற பொருளில் 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்' என்று பெயர் வைத்தார்கள். கிராமத்தில் பழைய ஆட்கள் இன்றும் 'ஈ.டி. போஸ்ட்மாஸ்டர்' என்பார்கள். 'கிராமின் டாக் சேவக்', சுருக்கமாக ஜி.டி.எஸ்., என்ற பெயர் 2001-இல் வந்தது. பெயர் மாறியது, ஏற்பாடு மாறவில்லை.

2011 விதிகளை எடுத்துப் படித்தால் அந்த ஏற்பாடு பச்சையாகத் தெரியும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வேறு வருமானம் இருப்பதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் ஒன்றிய அரசுப் பணிக்கு வெளியே உள்ளவர், அரசு ஊழியருக்குச் சமம் என்று உரிமை கோர முடியாது. கிளை அஞ்சலகத்துக்கு இடம் கொடுப்பதும் பி.பி.எம். எனப்படும் கிளை போஸ்ட்மாஸ்டரின் பொறுப்பு. லீவு போட்டால் தனக்குப் பதில் ஆளையும் அவரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

சொற்களைக் கவனித்தால் இன்னும் வேடிக்கை. இவர்கள் வாங்குவது சம்பளம் அல்ல, 'டி.ஆர்.சி.ஏ.', நேரத்தைப் பொறுத்த தொடர்ச்சிப் படி. நீதிபதி சரண்ஜித் தல்வார் குழு 1997-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து வந்த பெயர் அது. தப்பு செய்தால் இவர்களுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, 'புட் ஆஃப் டியூட்டி'. மற்றவர்களுக்கு நியமனம், இவர்களுக்கு 'ஈடுபடுத்தல்'. விதிகளின் தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஓய்வூதியமும் கிடையாது. 2011-இல் வந்த எஸ்.டி.பி.எஸ். என்ற பணிமுடிவுப் பலன் திட்டத்தில் அப்போது மாதம் 200 ரூபாய் துறை போட்டு வைத்தது, வெளியேறும்போது சேர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் உச்ச நீதிமன்றம் 1977-இலேயே, பி.கே. ராஜம்மா வழக்கில், இவர்கள் வகிப்பது அரசுப் பதவிதான் என்று சொல்லிவிட்டது. அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு, விளக்கம் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பினால் செல்லாது என்பது தீர்ப்பு. ஆக, வேலையிலிருந்து நீக்கும்போது மட்டும் அரசுப் பதவி, கூலி கொடுக்கும்போது வெளியாள். ஏழாவது ஊதியக் குழு 2015 நவம்பரில் கொடுத்த அறிக்கையும் அதையே திருப்பிச் சொன்னது: பதவி அரசுப் பதவி, ஆனால் முறையான அரசுப் பணிக்கு வெளியே, ஆகவே இவர்களுக்கான ஊதியத்தை நாங்கள் பார்க்க முடியாது.

அறைக்குள் என்ன நடக்கிறது

எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகம் ஒரு ஓட்டு வீட்டின் முன்னறை. பத்துக்கு எட்டு இருக்கும். இரும்பு மேஜை ஒன்று, பூட்டுப் போட்ட தகரப் பெட்டி, ஒரு தராசு, மை காய்ந்த பேடு, மரப்பிடி போட்ட தேதி முத்திரை. காலையில் துணை அஞ்சலகத்திலிருந்து பை வரும். அரக்கு முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்து, உள்ளே இருக்கும் சீட்டில் எழுதியதும் கையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று எண்ணி, ஒவ்வொரு கடிதத்தின் மேலும் முத்திரை குத்தி, பட்டுவாடாவுக்குப் பிரித்து வைக்க வேண்டும். அப்புறம் ஆர்.டி. கட்ட வருகிறவர்கள், செல்வமகள் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். மாலையில் பை கட்டி அனுப்ப வேண்டும், அன்றன்றைக்குக் கணக்கு முடிக்க வேண்டும். நூறு ரூபாய் இடித்தால் கைக்காசைப் போட்டு அடைக்க வேண்டும்.

இந்த வேலைக்கு 3 மணி நேரம் என்று காகிதத்தில் இருந்தது. நம்புகிறவர் நம்பலாம்.

2017 டிசம்பரில் 'தர்ப்பண்' என்ற பெயரில் 1,400 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கி, எல்லாக் கிளை அஞ்சலகத்துக்கும் கையடக்கக் கருவி கொடுக்க முடிவு செய்தார்கள். நோட்டில் எழுதியது கருவிக்குள் போனது. நல்ல விஷயம்தான், ஆனால் கருவிக்கு சிக்னல் வேண்டும். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் கோயில் மேடைக்கும் எங்கள் ஊர்ப் போஸ்ட்டம்மா நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். சிக்னல் தேடும் நேரத்தை எந்தப் பணிநேரக் கணக்கும் சேர்க்கவில்லை. இதோடு கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு பிடி, புதுக் கணக்கு பிடி, மேளா நடத்து என்று மேலிருந்து இலக்கு. வேலை எவ்வளவு என்று புள்ளி போட்டு அளப்பார்கள். புள்ளி குறைந்தால் படி குறையும். அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போன வழக்குகள் ஏராளம்.

கூலி எவ்வளவு? 2018 தொடக்கத்தில் அடிமட்ட கிளை போஸ்ட்மாஸ்டருக்கு ஆரம்பப் படி 2,745 ரூபாய். ஆண்டுக்கு 50 ரூபாய் உயர்வு, 4,245-இல் முடிந்துவிடும். அகவிலைப்படி 142 சதவீதம் சேர்த்தால் 6,643 ரூபாய். பட்டுவாடா செய்கிறவர், பை தூக்குகிறவர் நிலை இதற்கும் கீழே. அதே துணை அஞ்சலகத்தில் உட்கார்ந்திருக்கும் எம்.டி.எஸ். ஊழியருக்கு, அதாவது இலாகாவின் கடைசிப் படியில் இருப்பவருக்கு, ஏழாவது ஊதியக் குழுவில் அடிப்படைச் சம்பளம் மட்டும் 18,000. இரண்டு பேரும் தினமும் ஒரே பையைக் கைமாற்றிக்கொள்கிறவர்கள்.

பழைய காயங்கள்

அஞ்சல் ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் புதிதல்ல. 1946 ஜூலை 11-இல் தொடங்கிய தபால் வேலைநிறுத்தம் வெள்ளை அரசின் கடைசி வருடத்தை ஆட்டிப் பார்த்தது. அதற்கு ஆதரவாக ஜூலை 29-இல் கல்கத்தா முழுக்க நின்றது. 1960 ஜூலையில் ஐந்து நாள், 1968 செப்டம்பர் 19-இல் ஒரு நாள் என்று ஒன்றிய அரசு ஊழியர் போராட்டங்களில் முன்னால் நின்றதும் இவர்கள்தான். 1968 முடிந்ததும் வேலை இழந்தவர்கள், சிறைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். இந்தக் கதைகள் சங்க மேடைகளில் இன்றும் ஓடும்.

ஆனால் அவை பெரும்பாலும் இலாகா ஊழியர்கள் நடத்திய போராட்டங்கள். ஈ.டி. ஊழியர் கோரிக்கை பட்டியலில் இருக்கும், பேச்சுவார்த்தை மேஜையில் கடைசியாக வரும், முதலில் கைவிடப்படும். தல்வார் பரிந்துரைகளை ஒட்டி 2000 டிசம்பரில் இரண்டு வாரம் நாடு முழுக்கத் தபால் நின்றது. கையில் பெரிதாக எதுவும் இல்லாமல்தான் திரும்பினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு, 'நமக்காக இலாகாக்காரன் எவ்வளவு நாள் நிற்பான்' என்ற கேள்வி ஜி.டி.எஸ். ஊழியர்களிடம் ஊறிப்போனது. தனிச் சங்கம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஜி.டி.எஸ். ஊழியர்களின் சங்கமான ஏ.ஐ.ஜி.டி.எஸ்.யு., இலாகா ஊழியர்களின் பெரிய சம்மேளனமான என்.எஃப்.பி.ஈ.யிலிருந்து விலகித் தனியே நின்றது. என்.எஃப்.பி.ஈ. தன் பக்கம் வேறொரு ஜி.டி.எஸ். சங்கத்தைத் தொடங்கியது. இன்னொரு சம்மேளனமான எஃப்.என்.பி.ஓ.வுக்கு இன்னொன்று. சுமார் மூன்று லட்சம் பேர், அவர்களுக்குள் உறுப்பினர் சேர்ப்பில் அடிதடி. சந்தா பிடித்தம் யார் கணக்கில் போகிறது என்பதை வைத்துத்தான் அங்கீகாரம் என்பதால், சங்கங்கள் நிர்வாகத்தோடு போட்ட சண்டையைவிடத் தமக்குள் போட்ட சண்டை அதிகம்.

தமிழ்நாட்டு ஊழியர்களுக்கு இன்னொரு நினைவும் இருந்தது. 2003 ஜூலையில் மாநில அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசு ஒரே வீச்சில் ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை வேலையைவிட்டுத் தூக்கியது. டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய எந்த உரிமையும் இல்லை என்று அந்த ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள் என்றாலும், அந்தச் சில வாரப் பயம் ஒவ்வொரு அரசு ஊழியர் வீட்டிலும் தங்கிவிட்டது. கிராமத்துப் போஸ்ட்மாஸ்டரின் வீட்டிலும்தான்.

ஒரு அறிக்கை, 18 மாதம்

ஏழாவது ஊதியக் குழு கையை விரித்த அதே 2015 நவம்பரில் அரசு ஒரு நபர் குழு போட்டது. அஞ்சல் வாரிய முன்னாள் உறுப்பினர் கமலேஷ் சந்திரா. அதிகாரி ஒருவரே என்ன எழுதிவிடப் போகிறார் என்று சங்கங்கள் நொந்துகொண்டன. ஓய்வு பெற்ற நீதிபதியைத்தான் போட வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. ஆனால் 2016 நவம்பர் 24-இல் வந்த அறிக்கை எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. 11 வகைப் படி விகிதங்களை மூன்றாகக் குறைக்க வேண்டும், கிளை அஞ்சலகங்களில் பி.பி.எம்., உதவி பி.பி.எம். என்று இரண்டே பிரிவு போதும், 3 மணி நேர வேலை என்பதே இருக்கக் கூடாது, குறைந்தது 4 மணி நேரம் என்று எழுதியிருந்தார். பி.பி.எம்.முக்கு 12,000, மற்றவர்களுக்கு 10,000 என்று தொடக்கம்.

அப்புறம் அறிக்கை கோப்புக்குள் போனது. 2017 முழுக்க, வரும் வரும் என்றே ஓடியது. அந்த ஆகஸ்டில் ஏ.ஐ.ஜி.டி.எஸ்.யு. தனியாக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மற்றவர்கள் கூடவே இறங்கவில்லை. சில நாளில் அது அடங்கிப்போனது. தனியாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒத்திகை.

2018 மே மாதம் அந்தப் பாடம் வேலை செய்தது. ஏ.ஐ.ஜி.டி.எஸ்.யு., என்.எஃப்.பி.ஈ. பக்கத்துச் சங்கம், எஃப்.என்.பி.ஓ. பக்கத்துச் சங்கம் எல்லாம் ஒரே நாளைக் குறித்தன. கோரிக்கையிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. எங்களை அரசு ஊழியர் ஆக்கு என்று தொடங்கவில்லை. 'நீ போட்ட குழு, நீ வாங்கிய அறிக்கை, அதை அமல்படுத்து' என்று மட்டும் கேட்டார்கள். இதற்கு எதிராகப் பேச அரசிடம் வாதம் இல்லை, தாமதம் மட்டுமே இருந்தது. பேரம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கோரிக்கையின் அழகு புரியும். அதன் விலையும் புரியும், அதைப் பின்னால் பார்ப்போம்.

பூட்டியது யார் வீடு?

பொதுவாக வேலைநிறுத்தம் என்றால் தொழிற்சாலை வாசலில் கூடுவார்கள், உள்ளே போகிறவரை மறிப்பார்கள், நிர்வாகம் வேறு ஆளைக் கூட்டிவந்து கதவைத் திறக்கப் பார்க்கும். கிளை அஞ்சலகத்தில் இது எதுவும் நடக்காது. கதவு போஸ்ட்மாஸ்டரின் வீட்டுக் கதவு. சாவி அவர் இடுப்பில். அதை உடைத்துத் திறக்க எந்த சூப்பிரண்டண்டும் வர மாட்டார். பதில் ஆள் போடலாமே என்றால், பதில் ஆளை ஏற்பாடு செய்யும் பொறுப்பை விதியே அந்தப் போஸ்ட்மாஸ்டர் தலையில்தான் கட்டியிருக்கிறது. அவர் வீட்டுக்காரர், தம்பி மனைவி, பக்கத்து வீட்டுப் படித்த பையன் என்று அவர் காட்டும் ஆள்தான் வழக்கமாக வருவார். அவரே வேலைநிறுத்தத்தில் இருந்தால் ஆள் எங்கிருந்து வரும்? ஒரு நூற்றாண்டாகக் காசு மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு, இடமும் உன்னுடையது, ஆளும் உன்னுடையவன் என்ற ஏற்பாடு, அந்த 16 நாளில் துறையின் கழுத்தைப் பிடித்தது. இந்த நிகழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். எந்தச் சங்கத் தலைவரும் போட்ட திட்டம் அல்ல, ஏற்பாட்டின் அடித்தளத்திலேயே இருந்த ஓட்டை.

ஆனால் இதே காரணத்தால் வேறொரு கஷ்டமும் இருந்தது. ஆலைத் தொழிலாளி போராட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே முதலாளியும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. போஸ்ட்மாஸ்டருக்கு வாடிக்கையாளர் வாசலிலேயே நிற்கிறார்.

"என்னம்மா, இன்னைக்கும் பூட்டா?"

"ஆமாங்க தாத்தா. டெல்லியில பேசிக்கிட்டிருக்காங்க."

"டெல்லியில பேசட்டும். எம் பணத்த நீ குடுத்துரு."

இப்படி ஒரு உரையாடலை எங்கள் ஊரில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கேட்டேன். அவர் பணம் அந்த அறைக்குள் தகரப் பெட்டியில் இல்லை, மேலே கணக்கில் இருக்கிறது என்று அந்தம்மா விளக்கப் பார்த்தார். தாத்தா கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. அவரைப் பொறுத்தவரை தபாலாபீஸ் என்றால் இந்த அம்மாதான். கடைசியில் அந்தம்மா உள்ளே போய்ச் சொந்தப் பணம் 500 ரூபாயை எடுத்துவந்து கொடுத்தார். வேலைநிறுத்தத்தை அவர் முறிக்கவில்லை, தாத்தாவையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. மேஜையில் இருந்த முத்திரை 21 மே-யிலேயே நின்றிருந்தது.

அதே வாரத்தில் துணை அஞ்சலகங்களில் பைகள் குவிந்தன. ஆதார் அட்டை, ஏ.டி.எம். கார்டு, வேலைக்கான அழைப்புக் கடிதம் எல்லாம் ஊருக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் நின்றுவிட்டன. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் மே 23-இல் வந்திருந்ததால் மேல்படிப்பு விண்ணப்பங்களின் நேரம் வேறு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலாகா ஊழியர்களில் ஒரு பகுதியினர் ஆதரவாக வேலையை நிறுத்தினார்கள். மற்ற இடங்களில் அவர்கள் மதிய இடைவேளையில் வாசலில் நின்று கோஷம் போட்டதோடு சரி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு இழக்க ஓய்வூதியமும் பதவி உயர்வும் இருந்தன. ஜி.டி.எஸ். ஊழியருக்கு இழக்க 6,643 ரூபாய்தான் இருந்தது. வேலை செய்யாத நாளுக்குப் படி இல்லை என்ற மிரட்டல் இருவரிடமும் ஒரே மாதிரி எடுபடாது.

ஜூன் 6

16-ஆம் நாள், ஜூன் 6, ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தகவல் தொடர்புத் துறை இணையமைச்சர் மனோஜ் சின்கா அறிவித்தார். 4 மணி நேர பி.பி.எம்.முக்கு 12,000, 5 மணி நேரமென்றால் 14,500. உதவி பி.பி.எம்.முக்கும், மற்ற அஞ்சலகங்களில் வேலை செய்யும் டாக் சேவக்குக்கும் 10,000, 12,000. ஆண்டு உயர்வு 50 ரூபாய், 60 ரூபாய் என்ற கணக்கு ஒழிந்து 3 சதவீதம். உச்ச விகிதத்தில் 35,480 வரை போகலாம். 2016 ஜனவரி முதல் உள்ள நிலுவைக்கு, பழைய அடிப்படைப் படியை 2.57-ஆல் பெருக்கிக் கணக்குப் போடுவது என்று முடிவு. சைக்கிள் பராமரிப்புப் படி, படகில் போக வேண்டிய ஊர்களுக்குப் படகுப் படி, அலுவலகப் பராமரிப்புப் படி எல்லாம் திருத்தப்பட்டன. கடினமான பகுதிகளுக்குப் புதிதாக ஒரு படி. 3.07 லட்சம் பேருக்குப் பயன், அந்த நிதியாண்டில் 1,257.75 கோடி ரூபாய் செலவு என்றது அரசுக் குறிப்பு. ஜூலை 1 முதல் அமல்.

எங்கள் போஸ்ட்டம்மா ஜூன் 7 காலையில் முத்திரையின் தேதிச் சக்கரங்களை ஊசியால் நெம்பித் திருப்பிக்கொண்டிருந்தார். மை இறுகிப்போய் நகரவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத்தான் திருப்பினார்.

இப்போது ஆய்வுக்காரனின் கேள்வி: வேலைநிறுத்தம்தான் இதைக் கொண்டுவந்ததா? நிர்வாகத் தரப்பில் சொல்வது, கோப்பு எப்படியும் அமைச்சரவைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, நிறுத்தாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும். இதில் பாதி உண்மை உண்டு. கோப்பு நகர்ந்துகொண்டுதான் இருந்தது, 18 மாதமாக நகர்ந்துகொண்டுதான் இருந்தது. வேலைநிறுத்தம் கோப்பை உருவாக்கவில்லை, அதற்குத் தேதி குறித்தது.

ஏன் அந்தத் தேதிக்கு அரசு இணங்கியது என்பதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது. இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியை நாடு முழுக்கக் கொண்டுபோகும் ஏற்பாடு அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் தொடங்குவதாக இருந்து, வாஜ்பாயி மறைவால் தள்ளிப்போய், செப்டம்பர் 1-இல் பிரதமர் தொடங்கிவைத்தார். 1.55 லட்சம் அஞ்சலகங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் இணைப்பதாக அறிவிப்பு. கணக்குத் தொடங்க வேண்டியவர் யார்? கிராமத்துத் திண்ணையில் கையடக்கக் கருவியோடு உட்கார்ந்திருக்கும் அதே ஆள். அடுத்த ஆண்டு தேர்தல் வேறு. வாசலில் மாலை கட்டிவிட்டு உள்ளே ஆள் இல்லாமல் திருவிழா நடத்த முடியாது. சங்கங்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தனவா, தற்செயலா என்பது வேறு விஷயம். நேரம் அவர்கள் பக்கம் இருந்தது.

பணம் வந்தது, பெயர் வரவில்லை

6,643-இலிருந்து ஒரு பி.பி.எம். 12,000-க்கும் அதன் மேல் 7 சதவீத அகவிலைப்படிக்கும் போனார், கையில் 12,840. ஏறத்தாழ இரட்டிப்பு. அஞ்சல் துறைப் போராட்ட வரலாற்றில் ஒரு வேலைநிறுத்தம் முடிந்த கையோடு இப்படிப் பணமாக வந்தது அபூர்வம். 1968-இலும் 2000-இலும் போராடித் திரும்பியவர்கள் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

ஆனால் நான் முன்னால் சொன்ன விலை இங்கேதான் வருகிறது. 'உன் குழு அறிக்கையை அமல்படுத்து' என்று கேட்டால், குழு எதைக் கேட்கவில்லையோ அதையும் கேட்கவில்லை என்று ஆகிவிடுகிறது. ஓய்வூதியம், அரசு ஊழியர் தகுதி, 8 மணி நேரம் ஆகியவை அந்த 16 நாளில் மையத்துக்கு வரவே இல்லை. 4 மணி, 5 மணி என்ற பிரிவு அப்படியே நின்றது, சொல்லப்போனால் இன்னும் உறுதியானது. முன்பு நேரக் கணக்கு 11 விகிதங்களில் சிதறிக் கிடந்தது, இப்போது 4 மணி, 5 மணி என்று இரண்டே தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. 12,000-க்கும் 14,500-க்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு மணி நேரம். அதை யார் அளப்பது, எந்தப் புள்ளிக் கணக்கில் அளப்பது என்ற பழைய தகராறு புதுத் தொகைகளோடு மறுபடி கிளம்பியது.

ஒற்றுமையும் அதிக நாள் நிற்கவில்லை. வெற்றி யாருடையது என்ற சண்டை ஜூன் மாதமே சங்கச் சுற்றறிக்கைகளில் தொடங்கிவிட்டது. படித்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் வருத்தமும் வரும். 2018 டிசம்பரில் மறுபடி ஒரு வேலைநிறுத்த அழைப்பு வந்தபோது மே மாதத்து வேகம் இல்லை.

அடுத்த அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2023 ஏப்ரலில் என்.எஃப்.பி.ஈ.யின் அங்கீகாரத்தைத் துறை ரத்து செய்தது. விவசாயிகள் போராட்டத்துக்கும் வேறு அமைப்புகளுக்கும் சங்க நிதியிலிருந்து பணம் கொடுத்தது சங்க அங்கீகார விதிகளுக்கு எதிரானது என்பது குற்றச்சாட்டு. இலாகா ஊழியர்களின் மிகப் பெரிய அமைப்பு ஒரே உத்தரவில் பேச்சுவார்த்தை மேஜையிலிருந்து வெளியே போனது. சங்கம் அரசியல் செய்யக் கூடாது என்கிறவர்கள் இதைச் சரி என்பார்கள். எனக்கு அது தண்டனையின் அளவைப் பற்றிய கேள்வியாகவே படுகிறது. கணக்கில் தப்பென்றால் தணிக்கை செய்யலாம். அங்கீகாரத்தைப் பிடுங்கினால் நாளைக்கு ஒரு தகராறு வரும்போது நிர்வாகம் யாரோடு பேசும்? 2018-இல் மூன்று சங்கங்களும் ஒரு தேதியில் சேர்ந்தது போலவே, ஒரே நாளில் வேலைக்குத் திரும்பியதும் பேசி முடிக்க ஆள் இருந்ததால்தான்.

2023 டிசம்பர் 12-இல் ஜி.டி.எஸ். சங்கங்கள் மறுபடி காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கின. இந்த முறை 8 மணி நேர வேலையும் ஓய்வூதியமும் கோரிக்கையில் மேலே இருந்தன. அதற்கு மூன்று ஆண்டு முன்னால் வந்த 2020 விதிகளிலும் அந்தப் பழைய வரி அப்படியேதான் இருந்தது: சேவக் என்பவர் ஒன்றிய அரசுப் பணிக்கு வெளியே உள்ளவர்.